செருப்பைக் கழற்றிய சீமாட்டி

பாரிசின் சான் ழாக் தெருவில், அச்சுக்கூடத்தின் மேல் சன்னல் வழியே இறங்கும் காலை வெயில் கொடியில் உலரும், புதுப்பாணி உடுப்புகளைக் காட்டும் நாகரிகப் படங்களின்மேல் விழுகிறது. இதுவரை பிறர் வரைந்த சீமாட்டிகளின் பாவாடைகளுக்கு வண்ணம் தீட்டி வந்த பெரின், இன்று தானே வரைந்த முதல் படத்துக்காக அச்சு எந்திரத்தின் அருகே நிற்கிறாள். நீலம் ஏறிய விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். முதலாளி கெரார், செதுக்குபவர் அவள் படத்தைச் செதுக்கித் தந்த செப்புத் தகட்டிலிருந்து ஈரத் தாளை மெல்ல உரிக்கிறார். படத்தில் கோடு போட்ட பட்டுத்துணி ஒட்டிய சுவர், பொன்முலாம் கண்ணாடி, பூவேலை சோபா. அதில் கோபுரக் கொண்டையோடு ஒரு சீமாட்டி, ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாதத்தை அமுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பெரின் இது? உடுப்பைப் பார்க்கத்தான் வாங்குறாங்க, காலை அமுக்குறதையா?"

"விருந்து முடிஞ்சு வந்தா அப்படித்தானே ஐயா உக்காருவாங்க?"

"நீ எந்த விருந்துக்குப் போனே?"

"போகலை ஐயா. ஆனா எனக்கும் கால் இருக்கே."

வண்ணம் தீட்டும் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூரிகைகளை அலசுகிறார்கள். கெரார் தாளை மடிக்கப் போகும்போது, கடைப்பக்கமிருந்து வந்த அவர் மனைவி அதை வாங்கி வெயிலில் பிடிக்கிறாள். அவள் தோள் குலுங்குகிறது. பிறகு வாய்விட்டே சிரிக்கிறாள்.

"ஏங்க, இது நானேதான்! படம் வாங்குறது யாரு, உங்களை மாதிரி ஆம்பளைங்களா?"

கெரார் கன்னத்தைச் சொறிந்தபடி மறுபடி பார்க்கிறார். "தகட்டைச் செதுக்குறவர்கிட்ட திருப்பி அனுப்பு."

பெரினின் முகம் வாடுகிறது. "எதை மாத்தணும் ஐயா?"

"ஒண்ணையும் மாத்த வேண்டாம். அடியில உன் பேரு இல்லையே."