வெறும் லென்ஸ்

ஒரே முகூர்த்த நாளில் மூன்று மண்டபங்களுக்குப் படமெடுக்க ஓடும்போது டைட்டஸுக்கு லென்ஸ் மாற்றக் கை எழாது. எல்லா முகங்களையும் சிரிக்க வைக்கும் கல்யாண லென்ஸை கேமராவில் மாட்டினால் மாட்டினதுதான். உள்ளதை உள்ளபடி காட்டும் வெறும் லென்ஸ் பையிலேயே கிடக்கும்.

செண்பகவல்லி ஸ்டூடியோவுக்கு வந்து தன் கல்யாண ஆல்பத்தை விரித்தாள். தாரை வார்க்கும் படத்தில் அவள் அப்பா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் அவர் இறந்துபோனார்.

"அண்ணே, அப்பா அன்னைக்கு அழுதாவ. தண்ணியோட கண்ணீரும் என் கைமேல விழுந்துச்சு. அந்தப் படம் இருக்கா?"

"பதிஞ்சதே இதுதாம்மா. அந்த லென்ஸுக்கு அழுகை தெரியாது. நான்தான் மாத்தியிருக்கணும். அசந்துட்டேன்."

அவள் ஆல்பத்தை மூடினாள். "படம் போகட்டும். வீட்ல ஒருத்தரும் நம்பல. அந்த மனுசனாவது அழுகுறதாவதுங்காவ. நீங்க எதிர்ல நின்னு பாத்தீங்கல்லா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

டைட்டஸ் கண்ணைக் கசக்கினான். அன்றும் அவன் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லென்ஸ் காட்டியதுதான் அதில் தெரிந்தது.

"நான் பாக்கும்போது சிரிச்சிட்டுதாம்மா இருந்தாரு."