கப்பலில் வந்த ஜன்னல்

“உங்க ராஜா செத்து ஐநூறு வருஷம் கழிச்சுப் போர்த்துக்கீசியர் கப்பல்ல வந்த வார்த்தை சார், ஜன்னல். அது வழியா உங்க ஒற்றன் எப்படிக் குதிப்பான்?”

“நான் சாளரம்னுதாம்மா எழுதினேன்.”

“அப்ப இதை யார் எழுதினது? அந்த ஒற்றனா?”

புரூஃப் பார்ப்பவளின் குரல் எதிர்வீட்டு மாடிவரை போயிற்று. அடுத்தவர் வீட்டு வம்பு நமக்கெதற்கு என்கிறவர்களும் துணி உலர்த்துகிற சாக்கில் வந்து நின்றார்கள்.

ராஜா காலத்துத் துப்பறியும் தொடர்கள் எழுதிப் பேர் வாங்கிய மனிதர் அவர். ஒரு சொட்டு மெழுகைப் பார்த்தே கொலைகாரனைப் பிடிக்கிற ஒற்றனைப் படைத்தவர். யார் கண் பட்டதோ, கொஞ்ச நாளாய்ப் போதாத காலம். ஒரு வாரம் சேனாதிபதி மேஜையில் தாளம் போட்டார். மறுவாரம் மகாராணி சாவியைத் தொலைத்தாள். மேஜை, சாவி இரண்டுமே கப்பல் சரக்கு. ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது. இன்னொரு பிழை அச்சில் வந்தால் தொடரையே நிறுத்திவிடுவேன் என்று பத்திரிகை ஆசிரியர் கறாராகச் சொல்லி, புரூஃப் பார்ப்பவளை வாராவாரம் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

கைப்பிரதியைக் காட்டி அவள் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் இவருடைய கையெழுத்து கோழி கிளறிய குப்பை. மை காய்ந்துவிட்டால் அவருக்கே விளங்காது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவருடைய அக்கா. தம்பியைத் தனியாக விட மனம் வராமல், தனக்குக் கல்யாணமே வேண்டாமென்று இருந்து, சமைத்தும் போட்டு, கதைகளைத் தட்டச்சும் செய்து தருகிறவள்.

இரண்டு காபியோடு வந்த அக்காவிடமே அவர் நியாயம் கேட்டார்.

அக்கா அந்தக் கிறுக்கலை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். “ஜன்னல்னுதான்டா இருக்கு,” என்று பெருமூச்சு விட்டாள். “வயசாகுதில்ல. விவரம் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் புரூஃப் பார்ப்பவளுக்கே மனசு இளகிவிட்டது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“விடுங்க சார். ஜன்னலைச் சாத்திட்டுச் சாளரத்தைத் திறந்துடலாம். பத்திரிகையில நான் மூச்சு விடமாட்டேன்.”

அடுத்த வாரம் அரண்மனைச் சமையலறைக்குள் உருளைக்கிழங்கு வந்தது. அதற்கடுத்த வாரம், அந்தப்புரத்தில் அலமாரி. ஆனால் வாரம் ஏற ஏறச் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. துணி உலர்த்த வந்தவர்களுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. சண்டையை விட இதுதான் கவலைக்கிடம் என்று தெரு தீர்ப்புச் சொன்னது. தெருவின் வாக்கு என்றைக்குப் பொய்த்தது? அந்த வருஷமே பதிவு அலுவலகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

மறுநாளே அக்கா பெட்டியைக் கட்டிவிட்டாள். ஒரு பல் டாக்டர் காரோடு வாசலில் வந்து நின்றார். வெகுகாலமாய் அவளுக்காகவே காத்திருந்தவராம். தெருவுக்கே தெரியாத சங்கதி.

கார் நகர்ந்ததும், தம்பிக்குத் திடீரென்று எப்படிப் பெண் அமைந்தது என்று டாக்டர் கேட்டார்.

“அவன் பாட்டுக்குத் தப்பில்லாம எழுதிக்கிட்டே இருந்தா, நமக்கு எப்பங்க கல்யாணம் ஆகுறது?” என்றாள் அக்கா. “நான்தான் வாரத்துக்கு ஒண்ணு தட்டி விட்டேன்.”