உச்சிக் கிளை

மகளைப் பெண் கேட்டு வந்திருப்பதாகச் சொன்ன பெரியவர் முன், தங்கப் பூச்சு மின்னும் தன் வம்ச மரம் வரைந்த சுருளைப் பெருமையோடு விரித்தார் தோர்லி பிரபு.

“உச்சியில யாரு, பிரபுவே?”

“முன்னால ஆண்ட வம்சத்து ராஜா! அவரோட நேர் வாரிசு நாங்க. இப்பச் சொல்லுங்க, உங்களுக்குச் சளைச்சவங்களா?”

பெரியவர் எழுந்து மேலங்கியை விலக்கினார். நெஞ்சில் எட்டாம் ஹென்றி மன்னரின் முத்திரை. வாசலை வீரர்கள் மறித்தார்கள்.

“அரியணைக்கு இன்னொரு வாரிசு இருக்கறதா மன்னர் காதுக்கு வந்துச்சு. கிளம்புங்க, சிறைக்கு.”

பிரபு சுருளை அவசரமாகச் சுருட்டினார். “ஐயோ, அது பொய்! நல்ல சம்பந்தம் அமையணும்னு நான்தான் வரையச் சொன்னேன்!”

“அது இன்னும் மோசம். ராஜ ரத்தம் இருந்தா, அது உங்க பிறப்பு. இல்லாமலே வரைஞ்சுக்கிட்டா, அது உங்க ஆசை.”