சத்தமில்லாத பெட்டி

மேல்மூடியின் கடைசித் திருகாணியும் கழன்று தரையில் உருண்டது. கீர்த்தி அதைப் பொறுக்கி எடுக்கவில்லை. அவள் கையாலேயே செய்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அண்ணன் ஒட்டுக் கேட்கும் கருவி எதையோ ஒளித்து வைத்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்காமல் இன்றைக்கு அவள் சோற்றில் கை வைக்கப் போவதில்லை.

தாலி கட்டிக்கொள்ளும்போது உடுத்துவதற்கென்று எடுத்துப் போன பட்டுப்புடவை, பிரிக்காத மடிப்போடு பைக்குள்ளேயே கிடந்தது.

கீர்த்தி ஒரகடத்தில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். கூடத்து டிவியில் படம் பார்ப்பதற்கென்றே மூன்று மாதம் பாடுபட்டு அவள் உருவாக்கிய கம்ப்யூட்டர் அது. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் படம் போட்டால் அதன் ஃபேன் ரைஸ் மில் மாதிரி இரையும், வசனம் ஒன்றும் காதில் விழாது. சத்தமும் வரக் கூடாது, செலவும் இழுக்கக் கூடாது என்று அப்பா பச்சமுத்து சொல்லியிருந்தார். அண்ணன் அரவிந்தன் அவருக்கும் ஒரு படி மேலே போனான்.

“ஓடிக்கினு இருக்கா இல்லியான்னே யாருக்கும் தெரியக் கூடாது, கீர்த்தி.”

அதற்காகத்தான் உத்திரமேரூர் கடைத்தெருவில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்கு நடையாய் நடந்தாள். அங்கே வேலை பார்த்தவன் கலைச்செல்வன். ஏதோ ஓர் ஆபீசில் கழித்துப் போட்ட, கரண்டு அதிகம் இழுக்காத போர்டு ஒன்றைப் பாதி விலைக்குத் தேடிக் கொடுத்தான். ஃபேனே வேண்டாம் என்று அவள் சொன்னதும், அப்படியானால் சூடு எந்த வழியாகப் போகும் என்று சிரித்தான். அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காக நிறுத்திச் சூட்டை வெளியேற்றுவதை அவள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள். அதற்கப்புறம் வேலை இல்லாத நாளிலும் ஏதாவது ஒரு ஒயர் வாங்கும் சாக்கில் அந்தக் கடைக்குப் போய் வந்தாள். பெட்டி முடிவதற்குள் ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாது என்றாகிவிட்டது.

அப்பாவோ தென்னேரியில் மாப்பிள்ளை பார்த்து நாளும் குறித்துவிட்டார். வேறு வழி தெரியாமல், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் தாலி கட்டிக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். வீட்டில் எல்லாரும் கழனிக்குப் போன பிறகு இந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் கீர்த்தி அவனோடு போனில் பேசுவாள். வேறு யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

இன்று காலை, ஷிஃப்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினாள். பஸ் பாதி வழி போயிருக்கும்போது கலைச்செல்வனிடமிருந்து போன் வந்தது. கோயிலில் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள், நேராக வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடு, பதினோரு மணிக்கு வருகிறேன் என்றான். அவளும் அப்படியே போய் நின்றாள்.

பதினோரு மணிக்கு அவள் முன்னால் வந்து நின்றது அண்ணனின் பைக். அவன் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. ஏறு என்று மட்டும் சொன்னான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கலைச்செல்வனைக் காணோம். அண்ணனைப் பார்த்துவிட்டு எங்காவது ஒதுங்கியிருப்பான் என்று கீர்த்தி நினைத்துக்கொண்டாள். வழியெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப் என்றே வந்தது.

போன வாரம் அண்ணன் இந்தப் பெட்டியின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியது பைக்கில் வரும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கூடப் பிறந்தவனே தன்னை வேவு பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மூடியைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே குனிந்து பார்த்தாள். போர்டு, தகடுகள், ஒயர்கள் எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி இருந்தன. தகடுகளின் இடுக்கிலெல்லாம் விரலை விட்டுத் துழாவினாள். தூசியைத் தவிர எதுவும் அகப்படவில்லை. டிவிக்குப் பின்னாலும் கையை விட்டுப் பார்த்தாள். பேச்சைக் கேட்கக்கூடிய பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை.

அரவிந்தன் சோற்றுத் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சாப்புடு. நைனாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல.”

அவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

“எங்க வெச்சிக்கீற, எடுத்துக் காட்டு.”

“இன்னாத்த?”

“நான் பேசனத கேட்டியே, அத. அதுக்குத்தான பாஸ்வேர்டு வாங்கின?”

படம் பார்க்கத்தான் வாங்கினேன் என்றான் அரவிந்தன். அவள் நம்பவில்லை. தங்கச்சியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு எப்படிச் சோறு எடுத்து வர மனசு வந்தது என்று கேட்டாள். கலைச்செல்வன் இந்நேரம் தன்னைத் தேடி எங்கே அலைகிறானோ என்றாள்.

அவள் பிரித்துப் போட்ட பெட்டியையும் அரவிந்தன் அவள் முகத்தையும் பார்த்தான். பைக்கில் வரும்போதே சொல்லியிருக்க வேண்டியது. அவனுக்குத்தான் வாய் வரவில்லை.

“பின்ன நான் அங்க நிக்கறது உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் கீர்த்தி.

“‘வாலாஜாபாத்ல நிக்க வெச்சிருக்கேன், வந்து இட்டுக்கினு போயிடுங்கண்ணா’ன்னு எனக்கு போன் பண்ணதே கலைச்செல்வன்தாம்மா.”