அத்தான் அடக்கிய புகை

"இவ்வளவு காலமும் மனிசன் நெருப்பைத்தான் அடக்கினவன், தம்பி. இண்டைக்கு நான் புகையையே அடக்கப் போறன்!"

இப்படி முழங்கியபடி இரவிச்சந்திரன் வயர் ஒட்டும் சோல்டரிங் அயனைத் தூக்கினார். பிடியை விட்டுச் சூடான பக்கத்தைப் பிடித்துவிட்டார். "அம்மோய்!" என்ற அலறல் சென்ட் லோரன்ட் ஊரில் அவர்கள் இருந்த மாடிக் குடியிருப்பில் மேல்வீடு, கீழ்வீடு எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும்.

குசினியிலிருந்து அவர் மனைவி செல்வமலர் எட்டிப் பார்த்தாள். "என்ர தம்பியின்ர வாயில வெடிக்கிற சாமான் ஒண்டும் செய்து குடுத்திடாதேங்கோ. நீங்கள் திருத்தின ரைஸ் குக்கரின்ர கறை இன்னும் சீலிங்கில இருக்கு."

"அது வேற விஞ்ஞானம்" என்றார் இரவிச்சந்திரன், விரலை ஊதிக்கொண்டே. விமானத் தொழிற்சாலையில் வேலை செய்வதால் விஞ்ஞானம் முழுவதும் தமக்கு அத்துப்படி என்பது அவர் நம்பிக்கை. அங்கே அவர் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார்.

செல்வமலரின் தம்பி ஸ்ரீதரன் தன் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினான். மேசையில் பழைய டோர்ச் லைற் ஒன்று குடல் சரிந்து கிடந்தது. பக்கத்தில் பற்றரி, கம்பிச் சுருள், மாம்பழ வாசனைத் திரவம், நகமளவு ரெகுலேட்டர். எல்லாம் ஒன்றுசேர்ந்தால், அவன் வாயில் வைத்து இழுக்கவேண்டிய வேப் என்ற மின்சிகரெட்.

"எனக்கேன் அத்தான் இதெல்லாம்? சிகரெட்டுக்கு நான் வழமைபோல பல்கனியில போய் நிக்கிறன். குளிர் பழகிப் போச்சு."

"மைனஸ் இருபத்தஞ்சிலயோ? விசர்க் கதை கதையாதை. பற்றரி தன்ர பாட்டுக்குத் துள்ளும். இந்த ரெகுலேட்டர் அதின்ர காதைப் பிடிச்சு, சுருளுக்கு அளவாத்தான் கரண்டை விடும். மூண்டு கால் இருக்கு பார். இதால உள்ள வரும், இதால வெளியில போகும், நடுவில எர்த்."

"மாறிப் பூட்டினா?"

"நான் மாறிப் பூட்டுற ஆளோ?"

பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீதரனுக்கு மூச்சு திரும்பி வந்தது.

"சரிவராது போல. விடுங்கோ அத்தான், சாப்பிடுவம்."

"பொறு. உள்ள வாறதையும் வெளியில போறதையும் ஆரோ மாத்திப் பூட்டியிருக்கினம்."

அந்த மேசையில் வேறு யாரும் வேலை செய்யவில்லை.

வயர்களைக் கழற்றி மறுபடி ஒட்டினார். ஸ்ரீதரன் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டான். பொத்தான் அமுங்கியது. சுருள் சிவந்தது. மாம்பழ வாசனையோடு வெள்ளைப் புகை சுருண்டு எழுந்தது.

ஸ்ரீதரன் பல்கனிக் கதவைப் பார்த்தான்.

"இழு!"

இழுத்தான். கண்ணில் நீர் வழிய இருமினான். ஆனால் ஒன்றும் வெடிக்கவில்லை.

"பாத்தியே! சிகரெட் மணமுமில்லை, சாம்பலுமில்லை. உள்ளுக்க இருந்தே பிடிக்கலாமெண்டு கொக்காவும் ஓமெண்டிட்டா." இரவிச்சந்திரன் குசினியில் நின்ற மனைவியைச் சுட்டிக் காட்டினார். பல்கனிக் கதவைப் பூட்டிவிட்டு, தன் கதிரையை அவனுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார். "நீ ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய், நான் சொன்ன எத்தினை முக்கியமான விசயங்களைத் தவறவிட்டிட்டாய்! முதல்ல இருந்து சொல்லுறன், கேள்."

தொண்டையைச் செருமினார்.

இத்தனை வருடங்களாக, அந்தச் செருமல் கேட்டதும் "ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வாறன்" என்று பல்கனிக்கு ஓடிய ஸ்ரீதரன், வாழ்க்கையில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை.