மூன்று தட்டு

துபாயிலிருந்து கட்டுமாவடிக்கு லீவில் வந்த ஜெரால்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினான். ரெஸ்லிங் சிடி உள்ளேயே கிடந்தது.

பள்ளிக்கூட நாளில் அவனும் அடுத்த வீட்டு மதுரைவீரனும் ஆடித் தேய்த்த சிடி. ஆட்டத்தில் தோற்றவனுக்குத் தரையில் போட்டு நிஜமாகவே ஒரு பிடி உண்டு. பிடிபட்டவன் தரையை மூன்று தட்டு தட்டினால் விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம். ஒருநாள் மதுரைவீரன் தட்டினான். கழுத்தைப் பிடித்திருந்த ஜெரால்டு விடாமல் சிரித்தான். அன்று போன குரல் மதுரைவீரனுக்குச் சாகும்வரை திரும்பவில்லை. போன மாசியில் அவன் செத்ததற்கு ஜெரால்டு ஒரு போன்கூடப் போடவில்லை.

டிவியில் ஆட்களின் பட்டியல் வந்தது. கடைசியில், மதுரைவீரன் தன் பேரிலேயே உருவாக்கிய பச்சை ட்ரவுசர்காரன் நின்றான். அந்த ஆளை ஜெரால்டு அப்போதே தன் கையால் பட்டியலிலிருந்து அழித்திருந்தான்.

"வாடா மாப்ள, இன்னைக்கும் ஒன்னைய மிதிக்கிறேன்" என்று அவனையே எதிராளியாக எடுத்தான்.

இரண்டே நிமிஷத்தில் பச்சை ட்ரவுசர்காரன் கழுத்தைப் பிடித்தான். ஜெரால்டின் ஆள் தரையைத் தட்டினான். மணி அடித்தது. பிடி விடவில்லை. ஜெரால்டு வயரைப் பிடுங்கினான். டிவி இருண்டது.

அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "என்னங்க, தரையில என்ன தட்டுறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. அவன் கை மட்டும் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டிருந்தது.