பதினாறு நிறம்

படம் ஓடியது. முகங்கள்தான் வரவில்லை.

பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் நகர்ந்தன. ஒரு சதுரக் கூட்டம் குனிந்தது. இன்னொன்று நிமிர்ந்தது. மேளச் சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது.

"கொத்தமல்லிச் சட்னியாட்ட இருக்குதுங்க" என்றார் வெங்கடபதி. மாமனாரின் தம்பி மகன். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அதற்காகவே கூட்டி வந்திருந்தார்கள்.

மாமனார் என்று நான்தான் எழுதுகிறேன். தன் மகன் உதய்க்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அழகிரிசாமியின் பேச்சு. கருமாதிப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. என் அப்பா ராசப்பன், அவர்களுடைய தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். வேறு காரணம் தேட வேண்டாம்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணி மாதம். அன்னூர் ரோட்டில் லாரி மோதி உதய் போய், காரியமும் முடிந்திருந்தது. என்னை அந்த வீட்டு கேட்டுக்குள் விடவில்லை. இப்போது, பீளமேட்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு, அவருடைய சாமான்களை எடுக்க அவர்களே வந்திருந்தார்கள். எடுத்துப்போகிற மாதிரி இருந்தது ஒரு கம்ப்யூட்டர்தான்.

"அன்புச்செல்வி உதயோட சம்சாரம்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அழகிரிசாமி சாட்சி கேட்டார்.

சாட்சி அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. கொடுமுடிக் கோயிலில் நடந்த எங்கள் கல்யாணத்தை நண்பர் அப்துல் மஜீத் வீடியோ எடுத்தார். ஸ்டுடியோவில் கொடுத்து ஃபைலாக மாற்றி உதய் இதில் ஏற்றிவைத்தார். அந்தக் கேசட்டிலேயே மஜீத் பிற்பாடு வேறொரு கல்யாணத்தை எடுத்துவிட்டார். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணத்தைப் பதிவு பண்ணுவதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தோம்.

சதுரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மஜீது பாய், இந்தப் பக்கம் வாங்க. வெயிலு மூஞ்சீல அடிக்குது."

உதய்.

சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்த கனகம் தலையைத் தூக்கினார். உதயின் அம்மா. வந்ததிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவர் பக்கம் திரும்பவில்லை.

அழகிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "குரல் அவனுதுதான். எவன் கல்யாணத்துலயோ போயி நின்னிருப்பான். இதுல மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாரு? ஆம்பளையா பொம்பளையான்னே தெரியலை."

பிறகு வெங்கடபதியிடம் தெலுங்கில் பேசினார். முகம் தெரியாததும் நல்லதுதான், எல்லாவற்றையும் அழித்துவிடு என்றார். அவர்கள் வீட்டுப் பேச்சு எனக்கு விளங்காது என்று நினைப்பு. உதய் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

வெங்கடபதி எனக்காகத் தமிழுக்கு வந்தார். "இது விண்டோஸ் இல்லீங்க, லினக்ஸு. படம் காட்டற கார்டும் அரதப் பழசு. அந்தக் கார்டை ஓட்டற புரோகிராமு, டிரைவரு, ஒத்துக்கலை. எங்க கடையில இதை யாரும் தொடமாட்டோம். ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுபோட்டா ஜம்முனு ஓடும்."

"உள்ள இருக்கறது?"

"அதெல்லாம் போயிருமுங்க."

"போகட்டும்" என்றார் அழகிரிசாமி.

வெங்கடபதி பையிலிருந்து சி.டி.யை எடுத்தார். நான் மானிட்டருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"இது என் வீட்டுக்காரர் மிஷினு. கை வெச்சீங்கன்னா நல்லா இருக்காது."

"அப்ப நீயே சரி பண்ணிக் காட்டு" என்றார் அழகிரிசாமி. "மூஞ்சியப் பாத்துப்போட்டு ஒத்துக்கறேன்."

"எனக்குத் தெரியாதுங்க."

"வேற என்னதான் தெரியும்?" என்று வெங்கடபதி சிரித்தார். நான் நகரவில்லை.

பாயில் வளையல் சத்தம் கேட்டது. கனகம் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"தெரியும் அவளுக்கு. இந்தப் பொட்டியில 'எனக்கே அவதான் சொல்லித் தரோணும்'னு உதய் சொல்லீருக்கான்." பிறகு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சரி பண்ணு அம்மணி. நான் நல்லாத் தெரியோணும்."

"நீயா? நீ எங்க அதுல?" என்றார் அழகிரிசாமி.

கனகம் என் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

அவர்கள் வருவதாகக் காலையிலேயே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கார்டுக்கு உரிய டிரைவரை எடுத்துவிட்டு, எந்தக் கார்டிலும் ஓடுகிற பொது டிரைவரை நான்தான் போட்டுவைத்தேன். அதற்குத் தெரிந்தது பதினாறு நிறம்தான். மகனின் குரல் ஒரு தகப்பனுக்குப் போதும் என்று நம்பினேன். முகங்கள் வந்தால் தாலியை எடுத்துக் கொடுக்கிறவரின் முகமும் வரும். வீட்டில் வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, கொடுமுடிக்குத் தனியாக பஸ் ஏறி வந்தவர். நான் எப்படியும் பிழைத்துக்கொள்வேன். அவர் திரும்பிப் போக வேண்டியது அழகிரிசாமியின் வீட்டுக்கு.

"வேண்டாங்கத்தை" என்றேன்.

"பண்ணு."

படத்தை மூடினேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி தட்டி, பழைய டிரைவரைத் திரும்பப் போட்டேன். வெங்கடபதி சி.டி.யைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை வெயில் வெயிலாகவே வந்தது. உதய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான். அரக்குப் புடவையில் ஒரு பெண் தட்டிலிருந்து தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

அழகிரிசாமி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். கனகம் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா ஓட்டு" என்றார்.